கோலார் தங்க வயலில் இருந்து நீண்ட பயணம்: எந்த கார் சரிப்படும்? வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வேளாங்கண்ணி கொடியேற்றம், திருவண்ணாமலை தீபம், பொங்கலுக்குச் சொந்த ஊர், வேலூரில் ஆஸ்பத்திரி. கோலார் தங்க வயல் வீடுகளில் கார் பேச்சு இப்படி ஏதாவது ஒரு பயணத்தில்தான் ஆரம்பிக்கும். 'இந்த முறை எல்லாரும் ஒரே வண்டியில போயிடலாம்' என்று ஒருவர் சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: எந்த வண்டி?

ஷோரூமுக்குப் போனால் ஏழு சீட்டர் காட்டுவார்கள். யூடியூபைத் திறந்தால் எஸ்யூவி என்பார்கள். ஆனால் வருஷத்துக்கு இரண்டு பயணத்துக்காக ஐந்து வருஷம் இஎம்ஐ கட்டலாமா என்பதை யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. தங்க வயலில் இருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் பாதையை வைத்தே அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

தங்க வயலுக்கு ஏன் தனிக் கணக்கு?

1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கிய பிறகு வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் பகுதிகளில் இருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, வேலைக்காக மாரிக்குப்பம், உரிகம், சாம்பியன் ரீஃப் ஸ்டேஷன்களில் ரயிலேறி பெங்களூரு போய்வருவது பல வீடுகளின் அன்றாடம் ஆகிவிட்டது.

அதாவது தினசரிப் பயணத்தை ரயில் பார்த்துக்கொள்கிறது. கார் இருந்தாலும் அதன் வேலை ஸ்டேஷன், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட், ஸ்கூல் என்று சில கிலோமீட்டர்தான். நீண்ட பயணம் எப்போதாவது வருவது. இந்த இரண்டு தேவைகளும் வேறு வேறு என்பதை மனசில் வைத்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

பாதை எப்படி இருக்கிறது?

தங்க வயல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூரின் உயரம் 220 மீட்டர் அளவுதான். பேத்தமங்கலா, வி.கோட்டா, பேரணாம்பட்டு வழியாகப் போனால் கர்நாடகா, ஆந்திரா, தமிழ்நாடு என மூன்று மாநிலங்களைத் தொட்டு, மலைப்பாதை வளைவுகளில் இறங்க வேண்டும். போகும்போது முழு பாரத்தோடு இறக்கம். திரும்பும்போது, அதுவும் டிரைவர் களைத்துப்போன கடைசி மணி நேரத்தில், அதே பாரத்தோடு ஏற்றம்.

பெங்களூரு - சென்னை விரைவுச்சாலையில் ஹோஸ்கோட்டையில் இருந்து பேத்தமங்கலா பக்கம் வரையிலான சுமார் 71 கி.மீ. கர்நாடகப் பகுதியில் 2024 கடைசியில் இருந்தே வண்டிகள் ஓடுகின்றன. பெங்களூரு பக்கம் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. கிழக்கே போகிறவர்கள் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இந்தச் சாலையில் பைக், ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. கார்களுக்கு வேக உச்சவரம்பு மணிக்கு 120 கி.மீ. அந்த வேகத்தை பழைய டயர் தாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

'ஏழு சீட்டர்' என்றால் ஏழு பேரும் பெட்டியுமா?

இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால், பின்னால் பெட்டி வைக்க மிஞ்சும் இடம் ட்ரைபரில் 84 லிட்டர், எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216 லிட்டர், இன்னோவா ஹைகிராஸில் 300 லிட்டர். ஐந்து பேர் போகும் டிசையர் செடானிலேயே டிக்கி 382 லிட்டர். பெரிய டிராலி பெட்டி ஒன்றே சுமார் 100 லிட்டர் இடத்தைப் பிடிக்கும்.

அதனால் விளம்பரத்தில் இருக்கும் சீட் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்துவிட்டு யோசிப்பது நல்லது. ஏழு சீட்டர் என்பது ஐந்து பேர், மூன்று நாள் துணிமணிக்கு வசதியான வண்டி. ஏழு பேரும் போவதென்றால் பெட்டிகள் கூரையில் கேரியருக்குத்தான் போகும். கூரையில் கனம் ஏறினால் வளைவில் வண்டி அதிகம் சாயும், மைலேஜும் குறையும்.

மூன்றாவது வரிசையில் தாத்தா பாட்டியை உட்காரவைக்கும் திட்டம் இருந்தால், ஷோரூமில் அவர்களையே ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முட்டி வலி இருப்பவர்களுக்கு அந்த சீட் ஒத்துவராது. அவர்களை நடு வரிசையில், கதவோரமாக உட்காரவைப்பதே நல்லது.

எஞ்சின், எடை: எதைப் பார்க்கணும்?

டெஸ்ட் டிரைவில் நீங்களும் சேல்ஸ்மேனும் மட்டும் இருப்பீர்கள். பயணத்தில் ஏழு பேர். ஆளுக்கு 65 கிலோ என்றால் 455 கிலோ, பெட்டிகள் 100 கிலோ, ஆக 555 கிலோ. காரின் மேனுவலில் மொத்த எடை வரம்பும் வெற்று எடையும் இருக்கும். ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால், அந்தக் கார் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது தெரிந்துவிடும். உங்கள் கணக்கு அதைத் தாண்டினால் அந்த வண்டி வேண்டாம்.

உயரம் கூடக் கூட காற்று மெலிதாகும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சக்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். டர்போ எஞ்சினுக்கு இந்த உயரம் ஒரு பொருட்டல்ல. எனவே டெஸ்ட் டிரைவுக்கு வீட்டு ஆட்கள் நாலைந்து பேரோடு போங்கள். ஏசி போட்டு, ஏற்றமான ரோட்டில், இரண்டாவது மூன்றாவது கியரில் வண்டி திணறுகிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல், டீசல், சிஎன்ஜி, எலெக்ட்ரிக்: எது?

டீசல்: முழு பாரத்தோடு ஏற்றம் ஏற டீசலுக்கு நிகர் இல்லை. ஆனால் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகையை வடிகட்டும் ஃபில்டர் இருக்கிறது. தினமும் ஸ்டேஷனுக்கு மூன்று கி.மீ. மட்டும் ஓட்டினால் அது சூடேறித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பு கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும், செலவும் வைக்கும். மாதம் பலமுறை வெளியூர் போகிறவர்களுக்கே டீசல் சரி.

பெட்ரோல்: குறைவாக ஓட்டும் வீட்டுக்கு இதுதான் தொந்தரவு இல்லாதது. நாலு பேர் குடும்பத்துக்கு இதுவே போதும்.

சிஎன்ஜி: செலவு குறைவு. ஆனால் சிலிண்டர் டிக்கியில் இடத்தைப் பிடிக்கும், எஞ்சின் சக்தியும் பெட்ரோலைவிடக் குறையும். ஆளும் பெட்டியும் நிறைந்த பயணத்துக்கு இரண்டுமே குறைதான்.

எலெக்ட்ரிக்: ஊருக்குள் அருமை. நீண்ட பயணத்தில் கம்பெனி சொல்லும் ரேஞ்சில் 60 முதல் 70 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். இறங்கும்போது பிரேக்கில் இருந்து பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்பும், திரும்பி ஏறும்போது அதைவிட அதிகம் செலவாகும். வேலூரோடு திரும்புவதானால் கவலை இல்லை. திருவிழாக் கூட்டத்தில் வேளாங்கண்ணி போவதானால், எங்கே சார்ஜ் போடுவது, அது நிரம்பியிருந்தால் அடுத்து எங்கே என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம்: பெட்ரோல், டீசல் விலை ஆந்திராவில் கர்நாடகா, தமிழ்நாட்டைவிட அதிகம். எனவே கிளம்பும்போதே இங்கே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

எடுக்கலாம். நெரிசலில் கால் வலி மிச்சம். ஆனால் மலைப்பாதையில் இறங்கும்போது 'டி'-யில் போட்டுவிட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வரக் கூடாது. பிரேக் சூடாகி பிடிப்பு குறைந்துவிடும். ஏஎம்டி என்றால் மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியரில் இறங்குங்கள். சிவிடி என்றால் 'எல்' அல்லது அதற்கு இணையான மோடு. எந்த வண்டியாக இருந்தாலும் நியூட்ரலில் இறக்குவது கூடவே கூடாது. பெட்ரோல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பாதுகாப்புக்கு எதைப் பார்ப்பது?

இந்தியாவின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முன்பக்க மோதல், பக்கவாட்டு மோதல் என சோதித்து, பெரியவர்கள், குழந்தைகள் இரண்டு பிரிவுக்கும் தனித்தனியாக ஸ்டார் கொடுக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இரண்டாவது ஸ்டாரையும் கேட்டுப் பாருங்கள்.

ஏர்பேக் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஈரமான வளைவில் வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி, எல்லா சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட், டயர் காற்றழுத்த எச்சரிக்கை ஆகிய மூன்றும் இந்தப் பாதைக்கு முக்கியம். பின் சீட்டில் பெல்ட் போடாவிட்டாலும் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. பின்னால் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பழைய ஜீப் வகை வண்டிகளில், அந்த சீட்டுகளுக்குப் பெரும்பாலும் பெல்ட்டே இருக்காது. நீண்ட பயணத்துக்கு அவை வேண்டாம்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

இது உதாரணக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

சின்ன காருக்குப் பதில் ஏழு சீட்டர் வாங்க 5 லட்சம் ரூபாய் கூடுதல் கடன் என்று வைப்போம். 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதம் சுமார் 10,380 ரூபாய். மொத்தம் 6.2 லட்சத்துக்கு மேல். விற்கும்போது அதில் 2 லட்சம் திரும்பும் என்று வைத்தாலும் நிகரச் செலவு 4.2 லட்சம், அதாவது வருஷத்துக்கு 84,000 ரூபாய்.

தங்க வயலில் இருந்து வேளாங்கண்ணி ஒருவழிக்கே 400 கி.மீ.க்கு மேல். மூன்று நாளில் போய்வர வாடகை 900 கி.மீ. வருகிறது, கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்றால் 16,200 ரூபாய். டிரைவர் பேட்டா, டோல் சேர்த்து 19,000 வரலாம். அதே பயணத்துக்குச் சொந்த வண்டியில் பெட்ரோல் மட்டுமே 6,000 ரூபாய் ஆகும். ஆக, சொந்த வண்டியால் ஒரு பயணத்துக்கு மிச்சம் சுமார் 13,000.

84,000-ஐ 13,000-ஆல் வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஆறேழு முறையாவது முழு வண்டியாகப் போனால்தான் பெரிய கார் கட்டுப்படியாகும். இரண்டு, மூன்று முறை போகிற வீட்டுக்கு, தினசரிக்குச் சின்ன கார், பயணத்துக்கு வாடகை வண்டி என்பதே புத்திசாலித்தனம்.

வாடகைக்கு எடுக்கும்போது என்ன கேட்கணும்?

நம்பர் பிளேட்: டிரைவரோடு வரும் டாக்சிக்கு மஞ்சள் போர்டு. நீங்களே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. தெரிந்தவர் என்று வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்தால் அது சட்டத்துக்குப் புறம்பு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இதையே காரணம் காட்டி கைவிரிக்கலாம். இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் குடும்பமே சிக்கலில் மாட்டும்.

பர்மிட்: அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருக்கிறதா? இல்லையென்றால் ஆந்திரா, தமிழ்நாடு இரண்டுக்கும் வரியும் பர்மிட்டும் யார் பொறுப்பு?

குறைந்தபட்ச கி.மீ.: ஒரு நாளைக்கு 250 அல்லது 300 கி.மீ. என்று வைப்பது வழக்கம். பலர் நள்ளிரவு 12 மணியோடு நாளைக் கணக்கிடுகிறார்கள். ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினால் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு நாள் கணக்காகிவிடும். பேசும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

டிரைவர்: முந்தின ராத்திரி அவர் தூங்கினாரா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வேறு சவாரி முடித்து நேராக வந்திருந்தால், சில மணி நேரம் தள்ளிக் கிளம்புங்கள்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால், பட்டன் தேயாவிட்டாலும் கடையில் காட்டுங்கள். முழு பாரத்துக்கான காற்றழுத்தம் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தனியாக எழுதியிருக்கும். ஸ்டெப்னிக்கும் காற்று பிடியுங்கள்.

பிரேக் பேடு, பிரேக் ஆயில், கூலன்ட், ஹெட்லைட், வைப்பர் ஆகியவற்றை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். முந்தின நாள் காட்டினால், குறை தெரிந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது.

ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். அடிக்கடி தேசிய நெடுஞ்சாலையில் போகும் சொந்த கார் என்றால், 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடாந்திர பாஸ் லாபம். ஒரு வருஷம் அல்லது 200 டோல் கடப்புகள், எது முன்னால் முடிகிறதோ அதுவரை செல்லும். வாடகை டாக்சிக்கு இது பொருந்தாது.

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நாலும் டிஜிலாக்கரில் இருந்தால் மூன்று மாநிலத்திலும் காட்டலாம். வெள்ளை போர்டு சொந்த காருக்கு மாநில எல்லையில் தனி பர்மிட் தேவையில்லை.

மலைப்பாதைப் பகுதியை பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நாளிலும் அப்படியே. பொழுது சாய்ந்துவிட்டது, டிரைவருக்குக் கண் சொக்குகிறது என்றால் வேலூரிலோ குடியாத்தத்திலோ ஒரு ராத்திரி தங்கிவிட்டு காலையில் ஏறலாம்.