எட்டக் கோட்டை: நெய்யாற்றின்கரை வானில் உறைபனியின் வரலாறு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் தரையில் உறைபனி விழுவதில்லை. வட அகலாங்கு 8.4 பாகையை ஒட்டிக் கடலுக்கு அருகே கிடக்கும் இந்நிலத்தில், மார்கழி விடியலிலும் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. பனிக்கட்டியின் அழகைத் தேடிப் படம்பிடித்த வரலாற்றை எழுதுவோர் இமயத்தையோ ஆல்ப்சையோ நாடுவதும், தென்கோடியை எண்ணிப்பாராமல் விடுவதும் இதனால்தான். ஆயினும் நிலவுலகின் தாழ்வளிமண்டலத்திலேயே மிகக் குளிர்ந்த காற்று துருவங்களுக்கு மேல் இல்லை. வெப்பமண்டலத்திற்கு மேல், ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் சாலைவழியே சுமார் 20 கிலோமீட்டர். தலைநகரைவிட உறைபனி இவ்வூருக்கு அருகில் இருக்கிறது, திசைதான் வேறு.

இவ்வட்டாரம் சொற்களின் எல்லையுமாகும். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்திற்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு மேற்கே மலையாளம் ஆட்சிமொழி, கிழக்கே தமிழ். வீட்டுப்பேச்சு அந்தக் கோட்டிற்குக் கட்டுப்பட்டதில்லை. குளிரைக் குறிக்கும் சொற்களில் இந்த இருமொழிச் சிக்கல் நன்கு வெளிப்படும். தமிழர் ‘பனி’ என்பதை மலையாளத்தார் ‘மஞ்ஞு’ என்பர். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். பழந்தமிழில் ‘பனித்தல்’ என்பதற்கு நடுங்குதல் என்ற பொருள் உண்டாதலின், இரு மொழிகளும் ஒரே வேரின் இரு கிளைகளைப் பற்றிக்கொண்டன எனலாம். வானிலிருந்து விழும் கட்டிக்குத் தமிழில் ஆலி, ஆலங்கட்டி; மலையாளத்தில் ஆலிப்பழம். கோடைமழையில் எப்போதேனும் முற்றத்தில் உதிரும் பனிக்கட்டியைப் பழம் என்று அழைத்த மொழி, அதை அச்சத்தோடு பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஆண்டை ஆறாகப் பகுத்த தமிழ் மரபு, அவற்றுள் இரண்டிற்குப் பனியின் பெயரையே இட்டது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தொல்காப்பியம் முதற்பொருளுள் காலத்தை வகுக்கும்போதே இவை வந்துவிடுகின்றன. இங்கே பனி என்பது உறையாத நீர், புல்நுனியில் நிற்கும் துளி. உறைந்த நீரைத் தமிழ் வேளாளன் கண்டானா என்று கேட்டால், கண்டான். தலைக்கு மேலே கண்டான், அதற்கு வேறு பெயர் வைத்தான்.

நிலவைச் சுற்றித் தோன்றும் வட்டத்திற்கு ஊர்கோள், பரிவேடம் என அகராதிகள் பெயர் தரும். பேச்சுவழக்கில் அது ‘கோட்டை’. “கிட்டக் கோட்டை எட்ட மழை, எட்டக் கோட்டை கிட்ட மழை” என்பது தமிழகம் நெடுக வழங்கும் பழமொழி. நிலவை ஒட்டிய சிறு வட்டமானால் மழை தொலைவில், விலகிய பெரு வட்டமானால் மழை அருகில் என்பது பொருள். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத்சம்கிதை பரிவேடத்திற்குத் தனி அதிகாரம் ஒதுக்கி, மழையோடு அரசர்க்கு வரும் நன்மை தீமைகளையும் அதிலிருந்து கணிக்கிறது. உழவர் பழமொழி அரசரைப் பொருட்படுத்தவில்லை. அது ஒன்றை மட்டும் கேட்கிறது: வட்டம் எவ்வளவு பெரிது?

அந்தக் கேள்விதான் அறிவியலின் கேள்வியும். நிலவை ஒட்டிச் சில பாகை அகலத்தில் தோன்றும் சிறு வளையம் பெரும்பாலும் நீர்த்துளிகளால் ஆன மெல்லிய முகிலில், ஒளி துளிகளைச் சுற்றி வளைவதால் உண்டாவது. அதன் சிவப்பு வெளி ஓரத்தில் இருக்கும். பெரு வட்டம் வேறு வகை. அறுகோணப் பட்டக வடிவான பனிப்படிகங்களின் ஒரு பக்கம் புகுந்து, அதற்கு 60 பாகை சாய்ந்த மற்றொரு பக்கம் வெளியேறும் ஒளி, குறைந்தது 22 பாகை திரும்புகிறது. படிகங்கள் எத்திசையில் கிடந்தாலும் இந்தக் கோணம் மாறாததால், நிலவிலிருந்து 22 பாகை ஆரத்தில் வட்டம் விழுகிறது. சிவப்பு உள் ஓரத்தில் நிற்கும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மரியோத் இந்த விளக்கத்தின் அடிப்படையைக் கண்டார். கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே ஏறத்தாழ அதே கோணம் அமையும். அதாவது எட்டக் கோட்டை ஒரு சாண்; கிட்டக் கோட்டை ஒன்றிரண்டு விரல். சாணையும் விரலையும் அளவாகக் கொண்ட மக்கள், பனிக்கட்டி முகிலையும் நீர் முகிலையும் பெயரறியாமலே பிரித்தறிந்திருக்கின்றனர். மழையை முன்னறிவதில் பழமொழியின் துல்லியம் சுமார்தான். படிகத்தைத் துளியிலிருந்து பிரிப்பதில் அதன் துல்லியத்தைக் குறைசொல்ல இடமில்லை.

உயரே செல்லும் முயற்சி இம்மண்ணிலும் நடந்தது. நெய்யாறு பிறக்கும் அகத்தியமலை 1,868 மீட்டர். சுவாதித் திருநாள் காலத்தில் 1837இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வகத்திற்கு 1852இல் இயக்குநராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன், 1855இல் அம்மலையுச்சியில் கிளை ஆய்வகம் ஒன்றை நிறுவினார். காட்டுவழியே கருவிகளைச் சுமந்தேற்றி, அடிவாரத்திலும் உச்சியிலும் ஒரே நேரத்தில் காந்தப்புலத்தையும் காற்றழுத்தத்தையும் அளப்பது அவர் நோக்கம். உறைபனியைத் தேடி அவர் ஏறவில்லை, ஏறியிருந்தாலும் கிட்டியிராது. இந்த அகலாங்கில் நீர் உறையும் மட்டம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அகத்தியமலை அதில் மூன்றிலொரு பங்கைச் சற்றே கடந்தது. மலையேறிப் பனிக்கட்டியைக் காண்பது இங்கே இயலாது என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893இல் பிறந்த தமிழர் கே. ஆர். இராமநாதன் இளமையில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இயற்பியல் செய்முறை ஆசிரியராக இருந்தவர். பின்னர் கல்கத்தாவில் ச. வெ. இராமனோடு ஆய்வு செய்து, 1925இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அன்று மேல்வளியை அறிய வழி பலூன். சிறு பதிவுக் கருவியைச் சுமந்து ஏறிய பலூன் வெடித்ததும் கருவி எங்கோ ஒரு வயலில் விழும். கண்டெடுத்துக் கொடுப்போருக்குப் பரிசு என்ற சீட்டு அதில் கட்டப்பட்டிருக்கும். கீறல் விழுந்த ஒரு சிறு தகட்டில் 17 கிலோமீட்டர் உயரத்தின் குளிர் எழுதப்பட்டிருந்தது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் சாவகத்தின் பத்தாவியாவிலும் பறந்த பலூன்கள் வியக்கத்தக்க தாழ்வெப்பங்களை முன்பே காட்டியிருந்தன. ஆக்ராவில் கிடைத்த அளவீடுகளையும் பிற நாட்டு அளவீடுகளையும் ஒன்றுசேர்த்து, வடகோளம் முழுமைக்கும் ஒரே படமாக வரைந்து காட்டியது இராமநாதனின் பணி. 1929இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அவரது குறிப்பின்படி, மிகக் குளிர்ந்த காற்று நிலநடுக்கோட்டைச் சுற்றித் தட்டையான வளையமாக 17 கிலோமீட்டர் உயரத்தில் கிடக்கிறது. அதன் வெப்பம் ஏறத்தாழ 185 கெல்வின், அதாவது சுழிக்குக் கீழே 88 பாகை செல்சியஸ். தரையில் வெப்பம் மிகுந்த இடத்தில் காற்று மிக உயரம்வரை கிளர்ந்தெழுகிறது. எழ எழ விரிந்து குளிர்கிறது. வெயில்தான் இந்தக் குளிரை உண்டாக்குகிறது. அந்த உயரத்துக் குளிர் திசம்பர் முதல் பிப்ரவரி வரை மேலும் சில பாகை கூடுகிறது என்பது பிற்கால அளவீடுகளால் உறுதிப்பட்டது. முன்பனி, பின்பனி என்ற பெயர்கள் தரையில் புல்நுனித் துளியளவே. மேலே அவை சொல்லுக்குச் சொல் உண்மை.

இனி நிழற்படத்தின் பக்கம் வரலாம். சாமுவேல் போர்ன் 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் இமயத்திற்குள் சென்று பனிமலைகளையும் பனியாறுகளையும் படம்பிடித்தார். 1866இல் சுமார் 18,600 அடி உயர மணிரங் கணவாயில் கண்ணாடித் தகடுகளை விரித்தார். இந்தியாவின் பனிக்கட்டி என்றால் இன்றும் மனக்கண்ணில் எழுவது அவர் நிறுவிய காட்சிமரபுதான். தெற்கில் அவருக்கு முன்பே சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் கோயில்களை எடுத்திருந்தார். அவர் படங்களிலும் முகில்கள் உண்டு. ஆனால் அவை வானத்து முகில்களல்ல. எதிர்ப்படத்தின் மேல் அவரே தூரிகையால் தீட்டியவை.

காரணம் வேதியியல். அக்காலத் தகடுகளும் தாள்களும் நீல ஒளிக்கும் புறஊதா ஒளிக்கும் மட்டுமே கூருணர்வு கொண்டவை. நீல வானமும் வெண்முகிலும் அவற்றுக்கு ஒன்றே. கோயில் கோபுரம் பதிவாகும் நேரத்திற்குள் வானம் முழுதும் வெளிறிவிடும். பனிமலையின் வெண்மைக்கு எதிரே கரும்பாறை இருந்தது. மெல்லிய கீற்றுமுகிலின் வெண்மைக்கு எதிரே நீலம்தான் இருந்தது. 1873இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் சாயமேற்றித் தகடுகளின் நிறவுணர்வை விரிவாக்கிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. இமயத்துப் பனி படமாகவும், தென்னாட்டு வானத்துப் பனி படமாகாமல் போகவும் இந்த ஒரு குறை போதுமானதாக இருந்தது. காலனிய நிழற்பட வரலாறுகள் ஆட்சியாளரின் பார்வையைப் பேசும் அளவுக்குத் தகட்டின் பார்வையைப் பேசுவதில்லை.

தகடு திருந்திய பின் வில்லை தடையாயிற்று. 22 பாகை ஆரம் என்றால் வட்டத்தின் முழு அகலம் 44 பாகை. 35 மில்லிமீட்டர் சுருளில் வழக்கமான 50 மில்லிமீட்டர் வில்லை கிடைவாட்டில் காண்பது சுமார் 40 பாகை. இந்திய நிழற்பட நிலையங்களில் நெடுங்காலம் ஆண்ட இரட்டைவில்லைப் பெட்டிக் கேமராவின் 80 மில்லிமீட்டர் வில்லைக்கு 39 பாகைக்கும் குறைவு. திருமணமும் மஞ்சள்நீராட்டும் எடுத்த கருவிகளுக்குள் எட்டக் கோட்டை அடங்கவே அடங்காது. வட்டத்தின் ஒரு வில்லை மட்டும் வெட்டி எடுக்கலாம். இதற்கிடையே அமெரிக்காவின் வெர்மாண்டில் வில்சன் பென்ட்லி 1885 முதல் 5,000க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களை நுண்ணோக்கி வழியே படமெடுத்தார்; ஜப்பானின் சப்போரோவில் உகிச்சிரோ நகாயா 1936இல் ஆய்வகத்திலேயே பனிப்படிகத்தை வளர்த்தார். அந்தப் படிகம் எந்த வெப்பத்தில், எவ்வளவு ஈரத்தில் எவ்வடிவம் கொள்ளும் என்ற நகாயாவின் வரைபடம், நெய்யாற்றின்கரைக்கு மேலே மிதக்கும் அறுகோணப் பட்டகத்திற்கும் பொருந்துவதே.

1970 முதல் 1993 வரை, நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தும்பாவிலிருந்து சோவியத் நாட்டு எம்-100 வானிலை ஏவூர்திகள் வாரந்தோறும் ஏவப்பட்டு, மேல்வளியின் வெப்பத்தையும் காற்றையும் அளந்தன. திருப்பதிக்கு அருகே காதங்கியில் 1998 முதல் லேசர் கதிர் கொண்டு கீற்றுமுகில்கள் ஆராயப்படுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய பனிப்படலங்களும் அதில் அகப்பட்டன. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் அகச்சிவப்புப் படங்களோ அடிப்படையில் குளிரின் படங்கள்: எது மிகக் குளிர்ந்ததோ அது மிக வெண்மையாகக் காட்டப்படும். தொலைக்காட்சியில் வானிலைச் செய்தியின்போது கண்ட அந்த வெண்திட்டுகள் உயர்முகில்களின் பனிக்கட்டி முடிகள். தென்கோடி மக்கள் பனிக்கட்டியின் படத்தை நாள்தோறும் பார்த்தே வந்திருக்கின்றனர், அப்படியொரு பெயர் சொல்லாமல்.

அந்தப் படத்தின் விலை 2017இல் தெரிந்தது. நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஓகி, 24 மணி நேரத்திற்குள் குமரிக்கடலில் புயலாயிற்று. எல்லைக்கு இருபுறமும் பொழியூர், பூவார் முதல் வள்ளவிளை, சின்னத்துறை வரையிலான கரையோரம் துயரில் ஆழ்ந்தது. இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டனர் அல்லது திரும்பவில்லை. ஆழ்கடலுக்குச் சென்றோர் பலர் எச்சரிக்கைக்கு முன்பே கரையை விட்டு நெடுந்தொலைவு போயிருந்தனர். எட்டக் கோட்டையைப் பார்த்திருந்தால் தப்பியிருப்பர் என்று எழுதுவது அறியாமை மட்டுமன்று, இறந்தோர்க்கு இழைக்கும் அநீதியுமாகும். நிலா வட்டம் உயர்முகில் வந்துவிட்டதை மட்டுமே சொல்லும். புயலின் வேகத்தைச் சொல்லாது. செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தெரிந்தது படகிலிருந்தவரின் காதுக்கு எட்டவில்லை என்பதே அங்கு நேர்ந்தது. வானறிவு கரையிலும் ஆய்வகத்திலும் தனித்தனியே வளர்ந்து, இடையில் பாலமின்றி நின்றதன் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியது. எழுதுவோர் இருமொழி வழக்குகளையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும்.

இன்றைய கைப்பேசியின் முதன்மை வில்லை பழைய அளவில் சுமார் 24 முதல் 26 மில்லிமீட்டருக்கு நிகரானது; 44 பாகை வட்டம் அதற்குள் முழுமையாக அடங்கும். பகலில் ஞாயிற்றை ஒரு தென்னங்கொண்டையின் பின்னே மறைத்துக்கொண்டால் வட்டத்தின் உட்சிவப்பு தெளிவாகப் பதியும், கண்ணுக்கும் தீங்கில்லை. இரவில் கருவியை மதில்மேல் அசையாமல் வைத்துச் சில நொடிகள் திறந்துவைக்க வேண்டும். முழுநிலவுக்கு முன்னும் பின்னும் நான்கைந்து இரவுகள் உகந்தவை. நாள், நேரம், வட்டம் சாண் அளவா விரல் அளவா, அடுத்த இரு நாள்களில் மழை வந்ததா, அருகிலிருந்த முதியவர் அதை எந்தச் சொல்லால் எந்த மொழியில் அழைத்தார் என்பவற்றைப் படத்தோடு குறித்துவைப்பது ஒரு முதுகலை மாணவர் முன்பனி, பின்பனி நான்கு மாதங்களில் செய்துமுடிக்கக்கூடிய களப்பணி. பொழியூர்க் கடற்கரையில் தொடங்கி, பாறசாலை வழியாக, நெய்யாறு அணையின் கரைவரை சென்றால் கடலோரம், சமவெளி, மலையடி மூன்றும் அதில் அடங்கும்.