ஆயுள் கைதியின் விடுதலையும் நீதிமன்றமும்

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு வருஷம் என்று ஊரில் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளையர் காலத்தில் அது நாடுகடத்தல், பெரும்பாலும் அந்தமானுக்கு. 1956 ஜனவரி 1 முதல் அது ஆயுள் சிறையானது. 1961-இல் கோபால் கோட்சே வழக்கில், ஆயுள் என்பது உயிருள்ளவரை, தண்டனைக் கழிவு கொடுப்பது அரசின் பாடு என்று உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. 14 என்ற எண் 1978-இல்தான் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவாக நுழைந்தது. கொலை போன்ற குற்றங்களில் 14 ஆண்டு கழியாமல் விடக்கூடாது என்பதே அதன் பொருள். கழிந்ததும் விட்டாக வேண்டும் என்பதல்ல.

அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் தண்டனைக் குறைப்பு அதிகாரத்தை 433ஏ பிரிவு கட்டுப்படுத்தாது என்று 1980-இல் மாரு ராம் வழக்கில் தீர்ப்பானது. ஆளுநர் அமைச்சரவை சொற்படியே நடக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதலமைச்சர் ஒருவர் தம் பிறந்தநாளுக்காகச் சிறையைத் திறந்துவிட்டால் அது அரசியல் சட்டத்துக்கே அவமானம் என்றும் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். மறைந்த தலைவர்களின் பிறந்தநாள் வேறு கணக்கு போலும். அண்ணா நூற்றாண்டையொட்டி 2008-இல் 1,405 ஆயுள் கைதிகள் ஏழாண்டுச் சிறையோடு வெளியே வந்தனர். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 2018-இல் அந்த வரம்பு பத்தாண்டானது. தருமபுரி பேருந்து எரிப்பு வழக்கில் மூவரும், 2019-இல் மேலவளவு கொலை வழக்கில் 13 பேரும் அந்த வழியில் விடுதலையாயினர். மேலவளவு விடுதலை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கானது.

இத்தகைய வழக்குகளில் விடுதலை சரியா தவறா என்று நீதிமன்றம் எடைபோடுவதில்லை. முடிவு எடுத்த விதத்தைத்தான் பார்க்கிறது. ஆந்திரத்தில் ஒரு கைதி நல்ல காங்கிரஸ் தொண்டர் என்று அதிகாரிகளின் அறிக்கையிலேயே எழுதியிருந்தது. 2006-இல் எப்பூரு சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைக் கழிவை ரத்துசெய்து, கோப்பைத் திருப்பி அனுப்பியது. தீய நோக்கம், தொடர்பில்லாத காரணம், பார்க்க வேண்டியதைப் பாராமை, தன்னிச்சை ஆகியவை இருந்தால் தலையிடலாம் என்பது அதில் உறுதியானது.

பரோல் இத்தகைய விடுதலையிலிருந்து வேறு. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அது அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என இரு வகைப்படும். சாவு, கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்கு முன்னது. வீடு பழுதுபார்ப்பு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, விவசாயம் போன்றவற்றுக்குப் பின்னது. சிறை நிர்வாகம் மறுத்தால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குடும்பங்கள் போக வேண்டியது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. தாயோ மனைவியோ தாக்கல் செய்யும் இத்தகைய மனுக்கள் பல ஆட்கொணர்வு மனுக்களாகவே வருகின்றன. உத்தரவு வந்தால் கைதி போலீஸ் காவலோடு ஊருக்கு வருவதும் உண்டு.

விடுதலைக்கே திரும்பினால், அதற்கான கோப்பைக் கிடப்பில் போடுவதும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்பதைப் பேரறிவாளன் வழக்கு நிலைநாட்டியது. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகள் எழுவரையும் விடுவிக்க 2018 செப்டம்பர் 9 அன்று தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டாண்டுக்கு மேல் முடிவு சொல்லாமலிருந்து, 2021 ஜனவரியில் கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்ற உச்ச நீதிமன்றம், மறுபடி ஆளுநரிடம் அனுப்பாமல், அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவின் கீழ் 2022 மே 18 அன்று எழுவரில் ஒருவரான பேரறிவாளனைத் தானே விடுவித்தது. அதைக் காட்டி, அதே எழுவரில் நளினியும் ரவிச்சந்திரனும் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலை கோரினர். 142-ஆவது பிரிவு அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது என்று ஜூன் மாதம் அந்த மனுக்கள் தள்ளுபடியாயின. நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் உட்பட எஞ்சிய அறுவரையும் விடுவித்தது.