தண்டுவடத்திலே ஒரு துளி



செங்கற்பட்டுக் கடற்கரையிலே, கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினம் என் ஊர். என்னோடு ஆசிரியப் பணி புரிந்த நண்பருக்கு அங்கே புற்றுநோய் எலும்பிலே பரவிற்று. இரவெல்லாம் அவர் முனகுவது அடுத்த வீட்டிலிருந்த எனக்குக் கேட்கும். “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்பதே நான் அவருக்குச் சொன்ன ஆறுதல். அது எத்துணைப் பேதைமை என்பதை இவ்வரலாறு எனக்குக் கற்பித்தது.

1898-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் கீல் நகரத்து அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலே கோகெயினைச் செலுத்திக் கீழுடலை மரக்கச் செய்தார். தம் உதவியாளருக்கு அம்மருந்தைச் செலுத்தி, முழந்தாளின் கீழே சுத்தியலால் தட்டினார். அவர் வலியை உணரவில்லை. தம்மையும் சோதனைக்கு உட்படுத்திக்கொண்ட பியரோ, பல நாள் தலைவலியால் வருந்தினார். வழி புலப்பட்டது. ஆயினும் கோகெயின் வலியோடு அசைவையும் சேர்த்தே போக்கிற்று.

வலியை மட்டும் போக்குவது எங்ஙனம்? அபினியின் சத்தாகிய மார்பின் பற்றிக்கொள்ளும் இடங்கள் நரம்பு மண்டலத்தில் உண்டென்று 1973-ல் கண்டனர். 1976-ல் யாக்ஷ், ரூடி என்போர் எலிகளின் தண்டுவடத்திலே மார்பினைச் செலுத்தி, வலி அடங்குவதைக் காட்டினர். 1979-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் புற்றுநோயாளர் எண்மரிடம் இம்முறை கையாளப்பட்டது. பெரும்பாலோர்க்கு வலி தணிந்தது.

வாய்வழி ஏறத்தாழ 300 மில்லிகிராம் செய்யும் வேலையை, தண்டுவட நீரிலே 1 மில்லிகிராம் செய்யும் என்பது மருத்துவர் கணக்கு. கழனி முழுதும் வெள்ளம் பாய்ச்சாமல், வாடிய பயிரின் வேருக்கு நீர் வார்ப்பது போன்றது இது. மூச்சு மந்தமாதல், கிருமி தொற்றுதல் ஆகிய இடர்களும் உண்டு. ஆதலின் வல்லுநர் கைக்கே உரியது. பெரும்பாலோர்க்கு மாத்திரையே போதும். அதனால் தேறாத சிலருக்கே இது.

நம் நாட்டிலோ, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் அடையாற்றிலே புற்றுநோய் நிலையம் எழுந்தது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் நோயாளிக்கும் மார்பின் எட்டாக்கனியாயிற்று. 2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது.

என் நண்பருக்கு மாத்திரை மிகுந்தபோது மயக்கமும் வாந்தியுமே மிஞ்சின. பின்னர் முதுகிலே மெல்லிய குழாய் பொருத்தினர். அன்றிரவு அடுத்த வீடு அமைதியாயிருந்தது. மறுநாள் பேத்தியின் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு திங்களில் மறைந்தார். ஆனால் தெளிந்த அறிவோடு, எல்லாரிடமும் விடைபெற்றே மறைந்தார்.

அன்பர்களே, நோயாளியிடம் பொறுமையை வேண்டுமுன், மருத்துவரிடம் வலிக்கு மருந்தை வேண்டுங்கள்.