பலகைச் சுவரும் இரவு வெப்பமும்: செந்தூலில் மரவீட்டின் ஆற்றல் கணக்கு

முழு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் வீட்டுக்குக் குளிர்நாடுகளில் இரண்டு சிறப்புகள் சொல்லப்படுகின்றன. தடித்த மரச்சுவர் கணப்பின் சூட்டை வெளியே விடாமல் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது; வளர்ந்த காலத்தில் மரம் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரி, வீடு நிற்கும்வரை சுவருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. பின்லாந்துக்கும் கனடாவுக்கும் இவ்விரண்டும் பொருந்தும். நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி வடக்கே, ஆண்டு முழுவதும் பிற்பகலில் 32, 33 டிகிரியும் விடியலில் 24 டிகிரியுமாக இருக்கும் கோலாலம்பூரில் முதல் சிறப்பு தலைகீழாகிவிடுகிறது. இங்கே சூட்டைப் பிடித்துவைக்கும் சுவரோடுதான் சண்டை. இரண்டாவது சிறப்பு நிலைப்பதும் நிலைக்காததும் மரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது.

கோலாலம்பூரின் செந்தூல் பகுதியை முன்வைத்து இந்தக் கட்டுரை வாதிடுவது இதுதான்: ஏழ்மையின் அடையாளமென்று செந்தூல் தமிழர்கள் விட்டுவந்த பலகை வீட்டில், குளிர்நாட்டு மரத்தடி வீட்டில் இல்லாத ஓர் ஆற்றல் நன்மை இருந்தது. அதைக் கெடுத்தவை தலைக்கு மேலிருந்த தகரமும் சுற்றியிருந்த நெரிசலும். பழியைச் சுமந்ததோ பலகை.

கோலாலம்பூர் மரத்தைக் கைவிட்டதற்கு நியாயமான காரணம் உண்டு. 1881 ஜனவரியில் ஊரைத் தீ விழுங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்தது. மரச்சட்டமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக நெருங்கி நின்ற வீடுகள் தீக்கு விறகாயின. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹம் செங்கல்லாலும் ஓட்டாலும் ஊரைத் திரும்பக் கட்ட வைத்தார். சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைகளுக்கு ஏற்பாடு செய்தார். அந்தச் சூளைகள் எரிந்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். அன்றிலிருந்து கல்வீடு என்பது பாதுகாப்பு. நாளடைவில் அதுவே மதிப்பும் ஆயிற்று.

செந்தூலின் கதை வேறு திசையில் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே எழுந்த ரயில் பட்டறை, தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களை இழுத்துக்கொண்டது. ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள் அதில் இருந்தார்கள். கிடைக்காதவர்கள் பலகை அடித்துத் தகரம் போட்டுக்கொண்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது, லயத்தைவிட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களும் புறம்போக்கு நிலத்தில் அதே பலகையையும் தகரத்தையும் நம்பின. பிறகு அந்தக் குடியிருப்புகள் அகற்றப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கல்வீட்டுக்கு மாறியதை வெறும் ஆடம்பர மோகம் என்று யாராவது எழுதினால் அது பெரிய அநீதி. அந்த மாற்றத்தோடு குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் முகவரியும், இரவில் பக்கத்து வீட்டு விளக்கு சாய்ந்தால் தெருவே எரியும் என்ற பயத்திலிருந்து விடுதலையும் வந்தன. ஆனால் அவற்றோடு சேர்ந்து வந்த ஒன்றை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அது இரவுச் சூடு.

சுவர்களின் கணக்கைப் பார்ப்போம். நாலரை அங்குலச் செங்கல் சுவரில் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 200 கிலோ எடை இருக்கும். 20 மில்லிமீட்டர் பலகைச் சுவரில் அதே பரப்பு சுமார் 13 கிலோதான். வெப்பம் ஊடுருவுவதைத் தடுப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். செங்கல்லைவிட மரம் நான்கைந்து மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. பலகை அதே அளவுக்கு மெல்லியதாக இருப்பதால் அந்த ஆதாயம் கழிந்துபோகிறது. வேறுபாடெல்லாம் சேமிப்பில்தான் இருக்கிறது. ஒரு டிகிரி சூடேற அந்தச் செங்கல் சுவர் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்கே பலகைக்குப் போதும். மேற்குப் பார்த்த செங்கல் சுவர் பிற்பகல் முழுக்க வாங்கிய வெயிலை இரவு ஏழு மணியிலிருந்து நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். பலகையோ வெயில் இறங்கிய சிறிது நேரத்தில் வெளிக்காற்றின் நிலைக்கு வந்துவிடும். பகலில் வெளியே இருந்து இரவில் வீட்டில் உறங்கும் உழைப்பாளிக் குடும்பத்துக்கு எது ஏற்றது என்று சொல்லத் தேவையில்லை.

இதே கணக்கு முழுத்தடி வீட்டையும் பதம் பார்க்கிறது. உள்ளூர்க் கடினமரத்தை 200 மில்லிமீட்டர் தடிப்பில் அடுக்கினால் அதன் எடை செங்கல் சுவருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மரத்தின் வெப்பக் கொள்ளளவு அதிகம் என்பதால், அது பிடித்துவைக்கும் சூடு செங்கல்லையும் மிஞ்சும். பகலும் இரவும் ஏர்கோன் ஓடும் மூடிய வீட்டில் தடித்த மரம் பயன்தரும், மறுக்கவில்லை. ஜன்னலைத் திறந்து காற்றை நம்பும் வீட்டில் அது வீண் பாரம். நார்வே மலையடிவாரத்து வீட்டைப் படத்தில் பார்த்து அப்படியே இங்கே இறக்குவது ஆற்றல் சிக்கனம் ஆகாது.

செந்தூலிலிருந்து அதிக தூரம் போகாமலே சரியான முன்மாதிரியைப் பார்க்கலாம். 1900இல் மலாய் விவசாயக் குடியிருப்பாக அமைந்த கம்போங் பாருவில் இன்றும் சில பழைய மரவீடுகள் நிற்கின்றன. தூண்மேல் தூக்கிய தளம், தரைவரை இறங்கும் ஜன்னல், கூரைக்கடியில் காற்றுப்போக வைத்த துளைச்சட்டம், சுவருக்கு நிழல்தரும் நீண்ட இறவாரம். இந்தக் கட்டட முறையின் தட்பவெப்ப அறிவை லிம் ஜீ யுவான் 1987இல் மலாய் வீடு பற்றி வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியிருக்கிறார். நம் பலகை வீடு இதே மரத்தை எடுத்துக்கொண்டது. காலைத் தூக்கவில்லை, கூரையை உயர்த்தவில்லை, சுற்றிலும் இடம் விடவில்லை. விட வழியும் இருக்கவில்லை. உச்சிவெயில் நேராக இறங்கும் இந்த நாட்டில் வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாக வருகிறது. உள்கூரை இல்லாத தகரத்தின் அடியில் இருந்தவர்கள் பட்ட புழுக்கம் உண்மை. அதற்கும் சுவரிலிருந்த பலகைக்கும் தொடர்பு மிகக் குறைவு.

நகரம் இப்போது அன்றைய நகரம் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. கோலாலம்பூர் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டடங்கள் நெருங்கிய பகுதிகள் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் தட்பவெப்ப ஆய்வாளர் ஷாம் சானி 1970களிலேயே அளந்து காட்டத் தொடங்கினார். தெருவே சூடாக இருந்தால் ஜன்னலைத் திறந்து என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி சரியானது. ஆனால் பலகை வீடு வெளிக்காற்றின் அளவுக்காவது இறங்குகிறது. கல்வீடு அதற்கும் மேலே நிற்கிறது. அந்தச் சில டிகிரி வேறுபாடுதான் 60 வாட் மின்விசிறி போதுமா, 700 வாட் ஏர்கோன் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

கரிக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. ஒரு வீட்டுக்குப் பத்து கன மீட்டர் பால்மரப் (ரப்பர் மரப்) பலகை என்று வைத்துக்கொண்டால், ஈரம் நீக்கிய எடை ஐந்தே கால் டன் அளவில் வரும். அதிலுள்ள கரி, காற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஒன்பதரை டன் கரியமில வாயுவுக்குச் சமம். இப்போது ஒரு படுக்கையறை. ஏர்கோன் எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்தரை யூனிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 யூனிட். தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறப்பதால் யூனிட்டுக்கு முக்கால் கிலோ கரியமில வாயு என்று கொள்ளலாம். அப்படியானால் ஒரே அறையின் குளிர்ச்சி ஆண்டுக்கு ஒன்றரை டன். சுவரில் சேமித்த கரி ஆறரை ஆண்டு உறக்கத்தில் தீர்ந்துவிடுகிறது! மரவீட்டுக்கு ஆதரவாக எழுதுபவர்கள் சேமிப்பை மட்டுமே பேசுவது எனக்கு உடன்பாடில்லை. மரம் தரும் பெரிய ஆதாயம் அது உள்ளே பூட்டிவைக்கும் கரியைவிட, ஏர்கோனைத் தேவையற்றதாக்கும் அமைப்புக்கு அது இடம்தருவதில் இருக்கிறது. காற்றோட்டமில்லாத மரவீட்டைக் கட்டி மூன்று ஏர்கோன் மாட்டுவதைவிட நிழலும் காற்றும் உள்ள கல்வீடே மேல்.

சிமெண்டின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரிக்குச் சூடாக்கும்போது எரிபொருளிலிருந்து மட்டுமல்லாமல் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. உலகின் மொத்த வெளியேற்றத்தில் சிமெண்டின் பங்கு ஏழெட்டு விழுக்காடு. சிமெண்டு குறைந்த அளவுக்கு ஆதாயம்.

ஆனால் எந்த மரம்? இங்கேதான் என் வாதம் மிகவும் கவனமாக நடக்க வேண்டியிருக்கிறது. கரையானும் பூஞ்சையும் எளிதில் தொடாத, மலாய்க்காரர்கள் செங்கால் என்று அழைக்கும் கனத்த மரத்தை எல்லோரும் கேட்பார்கள். அது மலேசியத் தீபகற்பத்திலும் தென் தாய்லாந்திலும் மட்டும் வளர்வது. முதிர மனித ஆயுளைவிட அதிகம் எடுப்பது. இயற்கைக் காட்டில் நூறாண்டு நின்ற மரத்தைச் சாய்த்துச் செந்தூலில் வீடு கட்டிவிட்டு, கரியைச் சேமித்தோம் என்பது பொய்க்கணக்கு. குறைந்தது பாதி நிலம் காடாக இருக்கும் என்று மலேசியா 1992இல் ரியோவில் உறுதி கொடுத்தது. நகரத்து வீடு அந்த உறுதியைத் தின்னக்கூடாது.

விடை நமக்கு நெருக்கமான ஒரு மரத்தில் இருக்கிறது. பால்மரம் 25, 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் சாய்க்கப்பட்டு மறுநடவுக்கு இடம்விடுகிறது. முன்பெல்லாம் அதை விறகாக்கினார்கள், அல்லது தோட்டத்திலேயே கொளுத்தினார்கள். அறுத்த சில நாட்களில் நீலம்பாயும், துளைவண்டு மாவாக்கும் என்பதே காரணம். போரான் உப்பில் ஊறவைத்து உலர்சூளையில் காயவைக்கும் முறை நிலைபெற்றபின், 1980களிலிருந்து அது நாட்டின் முதன்மையான தளவாட மரமாகி மூவார் பட்டறைகள் வழியாக உலகெங்கும் போகிறது. 1929இல் கெப்போங்கில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்த மாற்றத்தில் பங்குண்டு. தலைமுறை தலைமுறையாக விடியற்காலையில் நம்மவர்கள் கத்தி பிடித்த மரம், வெளிநாட்டில் நாற்காலியாக இருக்கும்போது, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வீட்டில் சுவராக இருக்க முடியாதா என்ற கேள்வி எனக்கு ஆய்வுக்கு வெளியேயும் முக்கியமானது.

தடைகளையும் மறைக்காமல் வைக்கிறேன். போரான் மழையில் கரையும். ஆகவே பால்மரம் உட்சுவருக்கும் ஆழ்ந்த இறவாரத்தின் கீழும்தான் ஆகும். ரப்பர் பரப்பும் 1980களில் இருந்த இருபது லட்சம் ஹெக்டரிலிருந்து ஏறத்தாழப் பாதியாகிவிட்டது; இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. வெளிப்புறத்துக்கு இடிபடும் பழைய வீடுகளின் தூணும் உத்திரமும் பயன்படலாம். ஆணியில்லாமல் பொருத்திய மரவீட்டைக் கழற்றி மாற்ற முடியும் என்பதற்குச் சான்று கோலாலம்பூரின் ஜாலான் ஸ்டோனரில் இருக்கிறது: கெடாவின் பண்டார் பாருவிலிருந்த பெங்ஹூலு அபு செமான் வீட்டை மலேசிய மரபுடைமை அறக்கட்டளை 1990களின் நடுவில் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. கல்வீட்டை இடித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் குப்பைமேடு. ஓர் எச்சரிக்கை மட்டும்: ரயில்வே கழித்த பழைய சிலிப்பர் கட்டைகளை இந்த வேலைக்கு எடுக்கக்கூடாது. பலவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் வீட்டுக்குள் இருக்க வேண்டிய பொருளல்ல.

தீயைப் பற்றிய அச்சம் 1881இலிருந்து வருவது. அதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மெல்லிய பலகை எரியும், வேகமாக எரியும். தடித்த கட்டை அப்படியன்று. கனமரத்தின் மேற்பரப்பு நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில் கரியாகிக்கொண்டே போகும். அந்தக் கரித்தோல் உள்மரத்தைக் காக்கும். குளிர்நாட்டு மரத்தடி வீட்டிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான்: தூணும் உத்திரமும் தடிப்பாக, சுவர் இலேசாக. இரு வீட்டுக்கு இடையிலுள்ள சுவரைக் கல்லாகவே விட்டுவிடலாம். மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளின் நோக்கமும் அதற்கு இசைவானது. நம் ஊரில் பழைய குடும்பங்களுக்குத் தெரிந்த ஓர் அமைப்பே இதற்குப் போதும்: கீழே கல், மேலே பலகை. சமையலும் ஈரமும் வெள்ளமும் கல்லோடு. உறக்கம் மேலே, விரைவில் ஆறும் மரத்தோடு. கூரை ஓடாகவோ வெப்பக்காப்பு வைத்த தகரமாகவோ இருக்கட்டும். உள்கூரையும் காற்றுத்துளையும் கட்டாயம்.

சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023இல் திறந்த காயா கட்டடம், வெப்பமண்டலத்தில் பெரிய மரக்கட்டடமும் சாத்தியம் என்று காட்டியது. அதன் மரம் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. செந்தூலுக்கு அந்த அளவும் செலவும் தேவையில்லை. பழைய வரிசைவீடு ஒன்றின் மேல்மாடியை மேலே சொன்னபடி மரத்தில் மாற்றி, அதே தெருவில் மாற்றாத வீடொன்றோடு சேர்த்து, இரண்டின் படுக்கையறையிலும் மாலை ஏழு முதல் நள்ளிரவுவரை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஓராண்டு பதிவு செய்ய வேண்டும். குடும்பங்கள் ஏர்கோனைப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்த ஐந்து மணி நேரத்தில்தான். மின்கட்டணச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேலே நான் போட்ட கணக்கு எவ்வளவு தூரம் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.