கூரைக்குள் ஒளிந்திருக்கும் குறுக்குக் கட்டு

 

நம்ம முத்துக்குளித்துறைக் கரையைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. முத்து, உப்பு, தோணி, வ.உ.சி.யின் கப்பல் என்று பலரும் எழுதிவிட்டார்கள். சிவில் படித்தவன் என்ற முறையில், யாரும் அண்ணாந்து பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கிட்டங்கிக் கூரையில் ஒரு டிரஸ்ஸுக்கும் அடுத்த டிரஸ்ஸுக்கும் நடுவே பெருக்கல் குறி மாதிரி ஓடும் மெல்லிய ஆங்கிள்களே அவை. பிரேசிங் என்போம், குறுக்குக் கட்டு என்றும் சொல்லலாம்.

அது எதற்கு? தோணியைப் பாருங்கள். பாய்மரம் எத்தனை உறுதியான மரமானாலும், இருபுறமும் கயிறு கட்டாமல் எந்தத் தண்டலும் கடலுக்குப் போக மாட்டார். டிரஸ்ஸும் அப்படித்தான். மேலிருந்து வரும் சுமையை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் அது வெறும் அட்டை. அமுக்கு விசை தாங்கும் கம்பி நீளமாக இருந்தால் வளைந்து நொடிந்துவிடும். இதற்கான கணக்கை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே போட்டுவிட்டார். கம்பியை நட்டநடுவில் அசையாமல் பிடித்தால் அதன் தாங்குதிறன் நான்கு மடங்காகும். குறுக்குக் கட்டு செய்யும் வேலை இதுதான்.

இரும்புக் கூரையின் கதையே துறைமுகத்தில்தான் தொடங்குகிறது. நெளி தகரத்துக்கு 1829-ல் காப்புரிமை பெற்ற ஹென்றி ராபின்சன் பாமர், லண்டன் துறைமுகத்தின் இன்ஜினியர். தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் வந்தது; 1888-ல் கோரல் மில் வந்தது. மில்லுக்கும் கிட்டங்கிக்கும் அகலமான, இலேசான கூரைகள் தேவைப்பட்டன.

இலேசு என்பதில்தான் வினை. சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று ஒரு கணக்கை மனதில் வையுங்கள். விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவு. தகரக் கூரையின் எடை அதில் சிறு பங்குதான். ஆகவே புயலில் கூரை அமுங்காது; மேலே கிளம்பப் பார்க்கும். அப்போது டிரஸ்ஸில் விசைகள் தலைகீழாகின்றன. இழுவிசையில் இருந்த கீழ்க்கம்பி அமுக்கு விசைக்கு மாறுகிறது. மேலே பர்லின் பிடித்திருக்கிறது; கீழே பிடிக்க யார்? கீழ்க்கம்பிக்கும் கட்டு வேண்டும் என்பது இதனால்தான்.

இந்தப் பாடத்தை உலகம் இலவசமாகக் கற்கவில்லை. ஸ்காட்லாந்தில் டே பாலம் 1879 டிசம்பர் 28 இரவுப் புயலில், ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. தூண்களின் குறுக்குக் கட்டும் அதன் இணைப்புகளும் காற்றுக்குப் போதவில்லை என்று விசாரணை சொன்னது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகர விளையாட்டரங்கின் கூரை, 1978 ஜனவரி 18 அதிகாலை பனிச்சுமையில் சரிந்தது. சில மணி நேரம் முன்புவரை ஆயிரக்கணக்கானோர் அங்கே ஆட்டம் பார்த்திருந்தார்கள். மேற்கம்பிகளுக்குப் போதிய பிடிப்பு இல்லாததே முக்கியக் காரணம்.

நம் மன்னார் வளைகுடாவிலும் ஒரு டிசம்பர் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோனது. 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் தூண்கள் நின்றன. பெரும்பாலான கர்டர்கள் போய்விட்டன. மேலிருந்து வரும் பாரத்துக்காக அமைந்தவற்றை அலை பக்கவாட்டிலும் கீழிருந்தும் தாக்கியது. ஸ்ரீதரன் தலைமையில் கர்டர்களைக் கடலிலிருந்து மீட்டு 46 நாளில் பாலத்தைச் சீரமைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் சுமை எந்தத் திசையிலிருந்தும் வரலாம் என்பதே அந்த இரவு சொன்ன பாடம்.

இன்று நம் கையில் ஐ.எஸ். 875 இருக்கிறது. அதன் மூன்றாம் பகுதி 1987-லும் 2015-லும் திருத்தி வந்தது; விநாடிக்கு 33 முதல் 55 மீட்டர் வரை நாட்டைக் காற்று மண்டலங்களாகப் பிரித்துத் தந்திருக்கிறது. புத்தகம் சரி, சைட்டில் என்ன நடக்கிறது? டிரஸ் ஏற்றும்போது தற்காலிகமாகக் கட்டியதை அவிழ்த்துவிட்டு, "ஷீட் போட்டாச்சு, இனி என்ன" என்பவர்கள் உண்டு. ஷீட்டை நம்பி நிரந்தரக் கட்டை விடக்கூடாது. காற்றுக்குழாய்க்கு இடைஞ்சல் என்று ஒரு தொழிற்கூடத்தில் பிரேசிங்கை வெட்டிவிட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கூரை அன்று விழவில்லை. அதுதான் ஆபத்து, தப்பு செய்தவனுக்கு அது தப்பென்றே தெரியாமல் போகிறது.

தம்பிமாரே, தங்கைமாரே! நாளை ஒரு கூரைக்குக் கீழ் நிற்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மேற்கம்பியை யார் பிடிக்கிறார்கள்? கீழ்க்கம்பியை யார் பிடிக்கிறார்கள்? அந்தப் பிடிப்பு தூண் வழியாக அஸ்திவாரம்வரை போய்ச் சேருகிறதா? நம்ம ஊருக்கு நான்காவதும் உண்டு: உப்புக் காற்றில் அந்தப் போல்ட்டெல்லாம் இன்னும் இருக்கிறதா? மெல்லிய கம்பியும் ஒன்றிரண்டு போல்ட்டும் துருவுக்கு அதிக நாள் தாங்காது. வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி பிறக்குமுன், ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிடுங்கள்.

கூரைக்குக் கீழே உழைப்பவர்களுக்கு இந்தக் கம்பிகளின் பெயர்கூடத் தெரியாது. தெரிந்த நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது?