மகரந்த நோயின் வரலாற்றடிப்படை

யப்பானில் இளவேனில்தோறும் கோடிக்கணக்கானோரை வாட்டும் தும்மலும் கண்ணெரிவும் இயற்கையின் விளைவாகவே பொதுவிற் கருதப்படுகின்றன. வரலாற்று நிலைநின்று நோக்குமிடத்து நாம் காண்பது வேறு.

போரினால் வறிதான மலைகளிலே, 1950களில், மரத்தேவை கருதிச் 'சுகி' என்னும் ஊசியிலை மரம் அரசின் ஊக்குவிப்புடன் பெருமளவில் நடப்பட்டது. 1964இல் மர இறக்குமதி முற்றாகத் தாராளமயமாக்கப்பட்டது. மலிவான அந்நிய மரத்தின் முன் உள்நாட்டு மரம் விலைபோகாமையால் காடுகள் வெட்டப்படாது முதிர்ந்தன. முதிர்ந்த சுகியே மகரந்தத்தை மிகுதியாகச் சொரிவது. அதனைச் சுமப்பது தேனீயன்று, காற்று; எனவே அது நகரத்துத் தொழிலாளியையும் எட்டுகின்றது. இந்நோய் 1964இலேயே மருத்துவரால் விவரிக்கப்பட்டதாயினும், பரவலானது நட்ட மரங்கள் முதிர்ந்த பின்னரே.

சுகிக் காடுகளைப் பத்தாண்டுகளில் ஐந்திலொரு பங்கு குறைக்க 2023இல் அரசு திட்டமிட்டமை ஈண்டு மனங்கொளத்தக்கது. மருந்து தனிமனிதருக்கு ஆறுதல் தரும். நோயின் வேரோ நிலத்தை இலாபக் கணக்கால் மட்டும் அளந்த பொருளாதாரத்தில் உள்ளது.