இல்லறமும் நம் பெண்மக்களும்

இல்லத்துக்குள் அடங்கியிருப்பவளே நல்ல மனைவி, கணவன் சொல் கடவாதவளே கற்புடையாள் என்னும் விதி, நிலமும் குலப்பெருமையும் உடையோர் தம் சொத்துக்கு வேலியாக வகுத்துக்கொண்ட விதியாகும். நம் தாய்மார்க்கு அவ்விதி என்றும் பொருந்தியதில்லை. நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் களை எடுத்தும் கதிர் அறுத்தும் அவர்கள் ஊருக்குச் சோறிட்டனர். ஆடவரினும் குறைந்த கூலியே பெற்றனர். அவர்களை வீட்டில் இருக்க விடாத மேலோரே, வெளியில் வந்து உழைத்தமைக்காக அவர்களை இழித்தும் பேசினர்.

நம்முள் பல பிரிவினரிடையே வேறொரு வழக்கமும் இருந்தது. மணமகன் வீட்டாரே பரிசம் கொடுத்துப் பெண் கொண்டனர். வாழ்வு ஒவ்வாதபோது ஊரார் முன் தீர்த்துக்கொண்டு மறுமணம் செய்துகொள்ளவும், கைம்பெண் மீண்டும் தாலி ஏற்கவும் இடம் இருந்தது. இதனையே ‘அறுத்துக்கட்டும் சாதி’ என்று பிறர் ஏளனம் செய்தனர்.

எனினும் நம் குடிசைகளில் பெண் சமநிலையில் வாழ்ந்தாள் என்று கூறிவிட முடியாது. வழக்குத் தீர்த்த கூட்டம் ஆடவர் கூட்டமே. வயலில் உழைத்துத் திரும்பியவளே உலையும் வைத்தாள். குடித்து வந்தவனின் அடியும் பட்டாள். பூனாவில் புலே இணையர் தொடங்கிய கல்விப் பணியால் எழுத்தறிவு பெற்ற மாங்கு குலச் சிறுமி முக்தாபாய், தம் மக்களின் துயர் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் வெளிவந்தது. கூரையின்றி மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் பெண்களின் வேதனையை அச்சிறுமி அதில் எடுத்துரைத்தாள். நம் பெண்கள் தம் நிலையைத் தாமே எழுதத் தொடங்கிய வரலாற்றில் அது ஒரு முதற்படி.

1942 ஜூலைத் திங்களில் நாகபுரியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு கூடியது. பல்லாயிரம் பெண்கள் திரண்ட அம்மாநாட்டில், மனைவி கணவனுக்கு அடிமையாகாது தோழியாகவும் நிகரானவளாகவும் நிற்க வேண்டும் என்றும், பிள்ளைகளுக்கு இளமையிலேயே மணம் முடிக்கக் கூடாது என்றும் அண்ணல் அம்பேத்கர் அறிவுறுத்தினார். மணவிலக்கு உரிமை, பலதார மணத்துக்குத் தடை, ஆலைகளிலும் பீடித் தொழிலிலும் உழைக்கும் பெண்களின் நலம், மாணவியர் விடுதி ஆகியவற்றை அம்மாநாடு தீர்மானங்களாக நிறைவேற்றியது. கையில் காசில்லாப் பெண்களே நாட்டுக்குச் சட்டம் கேட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழகத்தில் அன்னை மீனாம்பாள் (1904–1992) அவ்வழியில் நின்றார். சென்னை மேயராக விளங்கிய ந. சிவராஜ் அவர்களின் துணைவியார் அவர். ஆயினும் அவர் கணவரின் நிழலில் ஒதுங்கி நின்றாரல்லர். மேடையேறிப் பேசினார், மாநாடுகளுக்குத் தலைமை ஏற்றார்.

சென்னை மாகாணத்தில் 1949இல் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கு இடமளிக்கும் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான இந்துச் சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டமையும் ஒரு காரணமாக, 1951இல் அண்ணல் அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் 1955இல் மணச் சட்டமும், 1956இல் வாரிசுரிமைச் சட்டமும் நிறைவேறின. ஏளனத்துக்கு இலக்காகிய நம் மணவிலக்கு வழக்கம், இவ்வாறு மேலோர் வீட்டுப் பெண்களுக்கும் சட்டவழி உரிமையாயிற்று.

இவ்வரலாற்றை நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நினைவுகூர்தற்குக் காரணம் உண்டு. கல்வி நமக்கு உத்தியோகம் தந்தது; ஓட்டு வீட்டைக் காரை வீடாக்கியது. அதனோடு பிறர் கைவிட வேண்டிய வழக்கங்கள் சில நம் வாயிலில் நுழைந்துள்ளன. பரிசம் கொடுத்த குலத்துப் பட்டதாரி மாப்பிள்ளை இன்று வரதட்சிணை கேட்கிறான். வேலைக்குப் போன மருமகளை வீட்டில் நிறுத்துவது கௌரவம் என்று எண்ணுவோர் உளர். மறுமணம் நம்முள்ளும் வெட்கத்துக்குரியதாகிறது. ஒடுக்கியோரின் வீட்டு விலங்கை நகையெனப் பூணுதல் முன்னேற்றமாகுமோ?

நம் பாட்டியர் வறுமையால் வெளியில் வந்தனர். நம் புதல்வியர் உரிமையால் வெளியில் வரட்டும். படிப்பித்த பெண்ணை மணமேடையோடு நிறுத்திவிடாதீர் என்பதே பெற்றோர்க்கும் மாப்பிள்ளைமார்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள்.